ஏகமனதாக நிறைவேறியது

இராணுவம் ஆட்சியைப் பிடிப்பதென்றால் முதலில் வானொலி நிலையத்தைப் பிடிக்கும், பிறகு விமான நிலையத்தைப் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். கனடாவில், மார்க்கம் வீதியில், எண்பத்துநான்கு தமிழ்க் குடும்பங்கள் இருந்த பூவரசு கூட்டுறவுக் குடியிருப்பில் அது செத்தல் மிளகாயில் தொடங்கியது.

கூட்டுறவுக் குடியிருப்பு என்றால் அதற்கு வீட்டுக்காரர் என்று ஒருவர் கிடையாது. குடியிருப்பவர்களே கூட்டம் கூடி, நிர்வாக சபையைத் தெரிந்தெடுத்து, விதி எழுதி, தங்களைத் தாங்களே ஆள வேண்டும். மிகுந்த நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடு. 1994 நவம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம், நிலக்கீழ் மண்டபத்தில் அந்த ஆண்டுக்கான தெரிவு நடக்கவிருந்தது. எல்லோரும் கீழே கூட்டத்தில் இருப்பார்கள், மணம் பிடிக்க ஆள் இராது என்று நம்பிய யாரோ ஒருவர் நாலாம் மாடியில் தூளுக்கு மிளகாய் வறுத்தார். நெருப்பு மணி அடித்தது.

இருநூறு பேர் வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடினார்கள். உறைகுளிர். பாதிப்பேருக்குக் காலில் செருப்பு, சிலருக்கு அதுவும் இல்லை. மேஜர் இரத்தினவேல் மட்டும் நீளக் கோட்டும் கையுறையும் காது மூடிய தொப்பியுமாக நின்றார். பழைய சிலோன் ஆமியில் பண்டகசாலைக்குப் பொறுப்பாக இருந்து, கம்பளிப் போர்வைகளையும் தகரமீனையும் பதினாறு வருடம் காவல் காத்து ஓய்வுபெற்றவர். இந்த நாளுக்காகவே அவர் இருபத்துமூன்று வருடங்கள் கோட்டோடு காத்திருந்தார் என்று பிறகு பலரும் சொன்னார்கள். அன்றைக்கு யாரும் அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் கால் விரல்களைப் பற்றியே நினைத்தார்கள்.

மேஜர் ஆட்களை மாடிவாரியாக வரிசையில் விட்டார். எண்ணினார். தீயணைப்புக்காரர் வந்து, இருமி, ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார்கள். மேஜர் வாசற்கதவின் முன்னால் போய் நின்றார். கதவைத் திறக்கவில்லை.

"அன்பான அங்கத்தவர்களே," என்றார். "இண்டைக்கு மிளகாய். நாளைக்கு என்ன? விசாரணை முடியுமட்டும் தெரிவு ஒத்திவைக்கப்படுகுது. நிர்வாகம் தற்காலிகமா என்ர பொறுப்பில. ஆருக்கும் ஆட்சேபனை இருந்தா, இதிலயே நிண்டு ஆறுதலாக் கதைக்கலாம். எனக்கு அவசரமில்லை."

"ஓமப்பா ஓம்! என்னத்தையெண்டாலும் செய்யுங்கோ, முதல்ல உள்ள விடுங்கோ!" என்று வரிசையின் பின்னாலிருந்து கத்தினார் எட்வேட்.

கதவு திறந்தது.

இந்தக் கூட்டத்தின் அறிக்கையை எழுத வேண்டியவள் ஜோசப்பின். பேசாலைக்காரி, மண்ணெண்ணெய் விளக்கில் படித்தாலும் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த எழுத்துக்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன்னர் அவளை அறிக்கைச் செயலாளர் ஆக்கினார்கள். பகலில் மவின் கேக் செய்கிற தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவாள். இரண்டாம் மாடியில் ஒற்றை அறை வீடு. கனடாவுக்கு வந்து ஆறு வருடம். கணவன் அலெக்ஸாண்டரும் நிரோஷினி, றொய்சன் என்ற இரண்டு பிள்ளைகளும் தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில். அவர்கள் கனடாவுக்கு வருவதற்கான கடதாசிகள் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தன. பெரிய வீட்டுக்கு மாறக் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியது நிர்வாகம். நிர்வாகம் இப்போது ஒரு நீளக் கோட்டு.

எங்கள் சங்கங்களின் அறிக்கைகளுக்கு ஒரு நடை உண்டு. ஊரில் வாசிகசாலையானாலும் கோயிலானாலும் மரண உதவிச் சங்கமானாலும், கூட்டத்தில் கதிரை பறந்திருந்தாலும், அறிக்கையில் ஒருவர் பிரேரித்திருப்பார், ஒருவர் ஆமோதித்திருப்பார், ஏகமனதாக நிறைவேறியிருக்கும். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. செத்தவரைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தை மாதிரி, அது ஒரு மரியாதை. ஜோசப்பினும் அந்த மரியாதையோடுதான் எழுதினாள். பிரேரித்தவர் யார் என்று யோசித்தாள். வாய் திறந்தவர் எட்வேட் அண்ணை ஒருவர்தான். ஆமோதித்தவர்? நாலாம் மாடி வேரோனிக்கா அன்ரி தலையாட்டிக்கொண்டு நின்றா. அது இருமலால் ஆடிய தலை என்பது ஜோசப்பினுக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் ஒரு பெயர் வேண்டும்.

'நிர்வாகத்தை மேஜர் அவர்களிடம் ஒப்படைக்கும்படி திரு. எட்வேட் பிரேரிக்க, திருமதி வேரோனிக்கா ஆமோதிக்க, ஏகமனதாக நிறைவேறியது.'

எழுதி முடித்ததும் அவளுக்கு வழக்கம்போல ஒரு ஆறுதல் வந்தது. அந்தச் சொல்லை அவள் விரும்பினாள். ஆறு வருடம் ஒற்றை அறையில் தனியாகக் கதைத்துக்கொண்டிருப்பவளுக்கு, இருநூறு பேர் ஒரே மனதாக இருந்தார்கள் என்று எழுதுவது ஒருவகைத் துணை.

மேஜர் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்கே வந்தார். "பிள்ளை, நான் இதை இவ்வளவு சட்டப்படி செய்தனான் எண்டு எனக்கே தெரியாமல் போச்சு," என்றார்.

தற்காலிக நிர்வாகம் வேலையைத் தொடங்கியது. முதலாம் இலக்கக் கட்டளை மிளகாய் வறுப்பதைத் தடைசெய்தது. இரண்டாம் இலக்கக் கட்டளையின்படி, ஓய்வுபெற்ற மூன்று பேர் கொண்ட மணப் பரிசோதனைக் குழு பின்னேரங்களில் ஒவ்வொரு மாடியாக மூக்கை நீட்டிக்கொண்டு நடந்தது. சாம்பிராணிக்கும் அனுமதி எடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாகனத் தரிப்பிடத்தில் நெருப்பு ஒத்திகை. ஒவ்வொரு மாடியும் வரிசையாக நிற்க, மேஜர் எண்ணுவார். எண்ணிக்கை சரிவராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவார். முதல் இரண்டு கிழமையும் ஆட்கள் சிரித்தார்கள். மூன்றாம் கிழமை, சிரித்தவர்களின் வரிசை கடைசியாக உள்ளே விடப்பட்டது. அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது என்பதைவிட, ஒருவர் சிரிக்கிறாரா என்று மற்றவர் பார்க்கத் தொடங்கினார் என்பதுதான் பொருந்தும். சம்பளத்துக்கு இருந்த ஒருங்கிணைப்பாளர் சொந்தக் காரணங்களுக்காக ஒஷாவாவுக்குப் போய்விட்டதாக அறிவித்தல் பலகையில் இருந்தது. அவருக்கு ஒஷாவாவில் யாரும் இல்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் வேரோனிக்கா அன்ரி அலுவலகத்துக்குப் போனா. ஜோசப்பின் அப்போது அங்கே கட்டளைகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மேஜர், நான் ஒண்டையும் ஆமோதிக்கேல்லை. எனக்கு இருமல். அந்த அறிக்கையில இருந்து என்ர பேரை எடுத்துவிடுங்கோ."

"தாராளமா, அக்கா," என்றார் மேஜர்.

அடுத்த நாள் வாசலில், வீட்டு இலக்கங்களும் அழைப்பு மணிகளும் இருக்கும் பலகையில் வேரோனிக்காவின் பெயர் இல்லை. மணியும் அடிக்கவில்லை. பார்க்க வந்த மகள் பனிக்குள் நின்று, வீதிக்கு அங்காலேயிருந்த கடைக்குப் போய்த் தொலைபேசி எடுத்தாள். தபால்காரன் கடிதங்களைத் திருப்பிக்கொண்டு போனான். வேரோனிக்கா யாரிடமும் முறையிடவில்லை. முறையிட அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். தை மாதம் ஒரு நாள் மகளுடைய வேன் வந்தது. அஜக்ஸில் வீடு மலிவாம் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு அதையும் பேசவில்லை. அடுத்த ஒத்திகையில் மேஜர் நாலாம் மாடியை எண்ணியபோது, எண்ணிக்கை முதல் தடவையே சரியாக வந்தது.

இவற்றையெல்லாம் கேட்க மேலிடம் என்று ஒன்று இல்லாமலில்லை. கூட்டுறவுக் குடியிருப்புகளைப் பார்வையிடும் பெண்மணி ஒருவர் மாசியில் வந்தார். இளஞ்சிவப்புக் கம்பளிச் சட்டை, கையில் ஒரு கோப்பு. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அறிக்கைகளின் ஆங்கிலப் பிரதிகளை ஒன்றும் விடாமல் வாசித்திருந்தார்.

"இந்த நகரத்தில் எத்தனையோ குடியிருப்புகளுக்குப் போகிறேன்," என்றார், கண் கலங்க. "எல்லா இடத்திலும் சண்டை. வாக்குகள் நாற்பதுக்கு முப்பத்தெட்டு. வழக்கு. இங்கே மட்டும்தான் ஒவ்வொரு தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறுகிறது. உங்கள் பண்பாட்டில் இந்த ஒற்றுமை எப்படி வந்தது?"

மேஜர் தன் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். ஜனநாயகம் என்பது வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் நல்ல பீங்கான் மாதிரி. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாவித்தால் உடைந்துபோகும். விருந்தாளி வரும்போது வெளியே எடுக்க வேண்டும். பிறகு கழுவித் துடைத்து உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். "நான் இந்தப் பதவியை விரும்பியதே இல்லை. ஆனால் என்னைத் தவிர வேறு யாரும் விரும்பாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

பெண்மணி இதைக் குறித்துக்கொண்டார். பிறகு ஜோசப்பின் பக்கம் திரும்பி, "இந்த அழகான அறிக்கைகளை எழுதுவது நீங்கள்தானா? உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டார்.

சொல்ல இருந்தது. ஜோசப்பினுடைய தொண்டைக்குள் அது வடிவான ஆங்கிலத்தில், பிழையில்லாமல் அடுக்கப்பட்டு நின்றது. ஆனால் அன்று காலைதான் அலெக்ஸாண்டரின் கடிதம் வந்திருந்தது. விசா வந்துவிட்டது. பங்குனி முப்பதாம் திகதி விமானம். அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வாரி ஒதுக்கிய பனி, தரிப்பிடத்தின் ஓரத்தில் கறுத்துப்போய்க் கிடந்தது.

"நன்றி," என்றாள்.

பங்குனித் தொடக்கத்தில் முன்மாதிரிக் குடியிருப்பு என்று ஒரு சான்றிதழ் வந்தது. மேஜர் அதைச் சட்டம் போட்டு, எல்லோருக்கும் காட்டிய பிறகு, உடுப்புத் தோய்க்கும் அறையில், தன்னுடைய படத்துக்குக் கீழே தொங்கவிட்டார்.

அந்தச் சான்றிதழைக் காட்டுவதற்காகக் கூட்டிய கூட்டத்தில்தான் எட்வேட் கையை உயர்த்தினார். குருநகர்க்காரர். டாக்ஸி ஓட்டுகிறவர். எட்டாம் மாடியில், மூன்று அறை வீட்டில், மனைவி கிறிஸ்ரினாவோடு இருந்தார். பிள்ளைகள் இருவரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். ஜோசப்பின் கனடாவுக்கு வந்த முதல் குளிருக்குத் தன் மகளின் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, அது பெரிதாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது, "குளிருக்கு அளவு பார்க்கக் கூடாது பிள்ளை" என்றவர்.

"மேஜர், எல்லாம் வடிவாத்தான் போகுது. எலெக்சன் எப்ப?" என்று கேட்டார்.

மண்டபத்தில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

"நல்ல கேள்வி," என்றார் மேஜர். "ஆனா எட்வேட், நிர்வாகத்தை என்னட்டத் தரச்சொல்லிப் பிரேரிச்சதே நீர்தானே? அறிக்கையில கிடக்கு."

"நானோ? நான் உள்ள விடச்சொல்லி எல்லே கத்தினனான்!"

"அப்ப பிள்ளை பொய் எழுதியிருக்கிறா எண்டு சொல்லுறீரோ?"

எட்வேட் ஜோசப்பினைப் பார்த்தார். அவள் பேனாவைப் பார்த்தாள். அவர் ஒரு கணம் வாயைத் திறந்து, பிறகு, "இல்லை, இல்லை. அவ அப்பிடி எழுதமாட்டா," என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். தன்னை அவர் காப்பாற்றிவிட்டார் என்பது ஜோசப்பினுக்கு விளங்கியது.

விசாரணை அதே கூட்டத்தில் நடந்தது. இரண்டு பேருக்கு மூன்று அறை: ஆளுக்கு மிஞ்சின வீடு. ஒரு பிரேரணையும் இல்லாமல் கேள்வி கேட்டது: ஒழுங்கீனம். மாத முடிவுக்குள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். "ஏதும் ஆட்சேபனை?" என்றார் மேஜர். இருநூறு பேரும் சான்றிதழைப் பார்த்தார்கள். கை உயர்த்தச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை.

கூட்டம் கலையும்போது மேஜர் ஜோசப்பினுக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார். "எண்ணூற்றி ஆறு வெறுமையாகுது, பிள்ளை. மூண்டறை. லிஸ்ற்றில முதல் ஆள் ஆரெண்டு உமக்குத் தெரியும்தானே. வடிவா எழுதும்."

அவள் அடுத்த நாள் தொழிற்சாலையில், சாப்பாட்டு இடைவேளையில் எழுதினாள். மவின் வாசத்துக்கு நடுவே பேனா பழைய பாதையில் தானாகவே போகப் பார்த்தது. 'திரு. எட்வேட் அவர்களை வெளியேற்றும்படி...' பிரேரித்தவர் யார்? அவள் கூட்டத்தை மனதில் ஓடவிட்டு ஒவ்வொரு முகமாகத் தேடினாள். ஒருவரும் அகப்படவில்லை. ஒரு பெயரைப் போட்டால் முடிந்தது. பேசாலையில் இருந்து இந்த மேசைவரைக்கும் எத்தனை பேருடைய வாயில் தான் இப்படிச் சொல்லை வைத்திருப்பாள் என்று நினைத்தாள். அவர்கள் யாரும் கோபிக்கவில்லை. தங்களுக்குப் பதிலாக இன்னொருவர் சம்மதித்துவிட்டார் என்பதில் அவர்களுக்கும் ஒரு நிம்மதி இருந்திருக்கும். அவளுக்கு இருந்த அதே நிம்மதி.

அவள் எழுதினாள்: 'யாரும் பிரேரிக்கவில்லை, யாரும் ஆமோதிக்கவில்லை. வாக்கெடுப்பு நடைபெறவில்லை. நவம்பர் மாதக் கூட்டத்திலும் நடைபெறவில்லை. அந்த அறிக்கையில் பெயர்களைச் சேர்த்தது நான்.'

நாலு வரி. துணிச்சல் என்று அவள் நினைக்கவில்லை. நாள் முழுக்க இறுக்கிய சப்பாத்தைக் கழற்றினது போல இருந்தது, அவ்வளவுதான். பிறகு வீட்டுக்குப் போய், சுவரில் இருந்த பிள்ளைகளின் படத்தைப் பார்க்காமல் தேநீர் குடித்தாள்.

பங்குனி பத்தொன்பதாம் திகதி மாதக் கூட்டம். எந்தக் கூட்டமும் சென்ற கூட்ட அறிக்கையை வாசித்துத்தான் தொடங்கும். அதை மேஜராலும் மாற்ற முடியவில்லை. ஜோசப்பின் எழுந்து வாசித்தாள். நாலு வரியையும் வாசித்துவிட்டு அமர்ந்தாள்.

மேஜர் கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அறிக்கை வாசிக்கப்பட்டது. இது சபையின்ர அறிக்கை, என்ர இல்லை. திருத்தம் ஏதும் இருந்தால் சபைதான் சொல்லவேணும். நான் தலையிடமாட்டன்."

பிறகு மணப் பரிசோதனைக் குழுவில் ஒருவர் எழுந்து, வாக்கெடுப்பு நடந்ததாகவும் தான் கையை உயர்த்தியதாகவும் சொன்னார். பக்கத்திலிருந்தவர் தானும் உயர்த்தியதாகச் சொன்னார். ஒரு பெண், தான் இரண்டு கையையும் உயர்த்தியதாகச் சொன்னாள். அன்றைக்குக் கூட்டத்துக்கே வராத ஒருவர், தான் மேல்மாடியில் இருந்துகொண்டு கையை உயர்த்தியதாகச் சொன்னார். மண்டபம் சூடுபிடித்தது. முந்தினவர் உயர்த்தியதைவிடத் தான் உயரமாக உயர்த்தியதாக ஒவ்வொருவரும் சொன்னார்கள். பயந்தவர்களின் குரல் என்று அதைச் சொல்ல முடியாது. உண்மையாகவே நினைவுக்கு வந்தவர்களைப் போலச் சொன்னார்கள்.

கடைசியாக எட்வேட் எழும்பினார். கிறிஸ்ரினா அவருடைய சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாக்கெடுப்பு நடந்தது," என்றார். "நானும் கையை உயர்த்தினனான்."

"உமக்கெதிராகவோ?" என்றார் மேஜர், கனிவாக.

"ஓம். எனக்கெதிரா. அறிக்கையைத் திருத்தச்சொல்லி நான் பிரேரிக்கிறன்."

வேறொரு குடியிருப்புக்கு நற்சான்றுக் கடிதம் இல்லாமல் போக முடியாது என்பதும், அந்தக் கடிதம் யாருடைய மேசை லாச்சிக்குள் இருந்தது என்பதும் ஜோசப்பினுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எட்வேட் பிரேரிக்கிறார். ஆமோதிக்கிறது ஆர்?"

பத்துக் கைகள் எழுந்தன. மேஜர் அவற்றைப் பார்க்கவில்லை. அவர் ஜோசப்பினைப் பார்த்தார். மெல்ல மெல்ல மண்டபம் முழுவதும் அவளைப் பார்த்தது. இன்னும் பதினொரு நாள். தான் யாருக்காக அந்த நாலு வரியை எழுதினாளோ அவரும் பார்த்தார். அவருடைய கண்களில் இருந்தது கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. சீக்கிரம் சொல்லிமுடி, பிள்ளை, என்ற களைப்பு.

"ஆமோதிக்கிறன்," என்றாள்.

பிறகு அமர்ந்து, அதை எழுதினாள். மூன்று வருட அறிக்கைகளில், உண்மையாகவே ஒருவர் பிரேரித்து ஒருவர் ஆமோதித்த முதலாவது தீர்மானம் அதுதான். எழுத்து வழக்கம்போல முத்தாக விழுந்தது.

இருபத்தெட்டாம் திகதி எட்வேட் வீட்டுத் திறப்புக் கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"அண்ணை, நான்..." என்று தொடங்கினாள் ஜோசப்பின்.

"சின்னறை ஜன்னல் முழுக்கப் பூட்டாது," என்றார் எட்வேட். "காத்து உள்ள வரும். பிள்ளையள் வெக்கையில இருந்து வருகுதுகள். ஒரு சீலைத்துண்டு வைச்சு அடையும்." சொல்லிவிட்டு லிஃப்றுக்குக் காத்திராமல் படியால் இறங்கிப் போனார்.

முப்பதாம் திகதி பின்னேரம் அவர்கள் வந்தார்கள். நிரோஷினி அவளைவிட உயரமாக இருந்தாள். மூன்று வயதில் விட்டுவந்த றொய்சன் அவளை 'அம்மா' என்று கூப்பிடுவதா வேண்டாமா என்ற யோசனையோடு நின்றான். அலெக்ஸாண்டருக்குத் தலை நரைத்திருந்தது. மூன்று அறைகளையும் திறந்து திறந்து பார்த்தார்கள். ஒவ்வொரு அறையிலும் மின்விளக்கைப் போட்டு அணைத்தார்கள். ஜோசப்பின் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று அவர்களைப் பார்த்தாள். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. மேஜர். ஒரு கையில் பிஸ்கற் தகரம், மறுகையில் பதிவுப் புத்தகம்.

"வரவேற்புச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான். இந்த வீட்டில எத்தினை பேர் எண்டும் ஒருக்காப் பதியவேணும்," என்றார்.

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்தார், அவ்வளவுதான். அறைக்குள்ளிருந்து பிள்ளைகள் இருவரும் ஓடிவந்து, சுவரோரமாக, உயரப்படி வரிசையில் நின்றார்கள். கைகள் பக்கவாட்டில். அலெக்ஸாண்டர் அவர்களுக்குப் பின்னால் போய் நின்று, தன் பெயரையும் முகாமில் தங்களுடைய குடிசை இலக்கத்தையும் சொன்னான். அங்கே பதினைந்து நாளுக்கொருமுறை அதிகாரி வந்து ஆள் எண்ணுவார். எண்ணிக்கையில் இல்லாதவருக்கு அரிசி இல்லை. றொய்சனுக்கு எண்ணும்போது இமைக்கக் கூடாது என்றுகூடத் தெரிந்திருந்தது.

மேஜர் வெகுநேரம் அவர்களைப் பார்த்தார். அவருடைய முகத்தில் முதல் தடவையாக ஒரு மனிதனுக்குரிய மகிழ்ச்சி தெரிந்தது.

"நல்லாப் பழகின பிள்ளையள்," என்றார். "ஒண்டு, ரண்டு, மூண்டு..." பேனையை நிறுத்திவிட்டு, சமையலறை வாசலைப் பார்த்தார்.

ஜோசப்பின் அடுப்பை அணைத்தாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, வரிசையின் கடைசியில் நின்றாள்.

"நாலு," என்றாள்.